புல்வெளி யாருக்குப் பொது?



நகரத்துப் பொதுப் பூங்காவில் ராக் இசைத் திருவிழா நடத்துவதைப் பற்றி இன்று பேசப் போகிறேன். சாதி ஒழிப்பு பேசும் கூட்டத்தில் இது எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். கிதார், டிக்கெட், பீர் கடை எல்லாம் வேறு யாரோ கவலைப்பட வேண்டிய விஷயம் போலத்தான் தெரியும். ஆனால் இந்தத் தலைப்புக்குள் 'பொது' என்று ஒரு சொல் இருக்கிறது. பொதுக் கிணறு, பொதுக் குளம், பொதுத் தெரு, பொதுச் சுடுகாடு என்று அந்த ஒரு சொல்லுக்காக நூறாண்டுக்கு மேல் அடிபட்டவர்கள் நாம். ஓர் இடத்தைப் பொது என்று அரசு அறிவித்த பிறகும் அது எல்லோருக்கும் பொதுவாகிவிடுவதில்லை என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த அனுபவத்தோடு லண்டன் நகரத்தின் மூன்று பூங்காக்களைப் பார்க்கலாம்: விக்டோரியா பூங்கா, ஃபின்ஸ்பரி பூங்கா, பிராக்வெல் பூங்கா. மூன்றிலும் ராக் குழுக்கள் வாசித்திருக்கின்றன, மூன்றிலும் பெரும் கூட்டம் கூடியிருக்கிறது. மூன்று இடத்திலும் நான் கேட்க விரும்புவது ஒரே கேள்விதான். உள்ளே யாரால் வர முடிந்தது, அதை முடிவு செய்தது யார்?

முதலில் விக்டோரியா பூங்கா. இது கிழக்கு லண்டனில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் அந்தப் பகுதி துறைமுகத் தொழிலாளர்களும் நெசவாளர்களும் தையல் தொழிலாளர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அங்கே சாவு விகிதம் மிக அதிகம். 1839இல் வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளர், கிழக்குப் பகுதியில் ஒரு பூங்கா அமைத்தால் சாவுகள் குறையும் என்று அரசு அறிக்கையில் எழுதினார். அடுத்த ஆண்டு 30,000 பேர் கையெழுத்திட்ட மனு விக்டோரியா அரசியிடம் போனது. 1845இல் மக்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். ஏழைகள்மீது இருந்த கருணை மட்டும் இதற்குக் காரணமில்லை. கிழக்கில் பரவும் நோய் மேற்கில் உள்ள பணக்காரர் வீடுகளுக்கும் வந்துவிடும் என்ற பயமும் இருந்தது. ஏழையின் மூச்சைச் சுத்தம் செய்தால் தன் மூச்சு பிழைக்கும் என்ற கணக்கு அது.

கட்டிக் கொடுத்தவர்கள் நினைத்தது ஒன்று, வந்தவர்கள் செய்தது வேறு. ஞாயிற்றுக்கிழமை நல்ல உடை உடுத்தி அமைதியாக உலாவிவிட்டுப் போவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 1848இல் வாக்குரிமை கேட்ட சார்ட்டிஸ்டுகள் அங்கே திரண்டார்கள். பிறகு அது கூட்டம் போடும் இடமாகவே ஆனது. வில்லியம் மோரிஸ் போன்ற சோசலிஸ்டுகள் அங்கே நின்று பேசினார்கள். 'மக்கள் பூங்கா' என்ற பெயர் அதற்கு நிலைத்தது. அந்தப் பெயர் புல்லாலும் மரத்தாலும் வந்ததில்லை. அங்கே வாயைத் திறந்து பேசியவர்களால் வந்தது.

அங்கே பேசிப் புகழ்பெற்றவர்களில் ஒருவர் நமக்கு நன்கு தெரிந்தவர், அன்னி பெசன்ட். 1888இல் பூங்காவுக்கு அருகிலேயே உள்ள போ பகுதியில், தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய நிலைமையை அம்பலப்படுத்தி எழுதியவர், வேலைநிறுத்தத்தில் அவர்களோடு நின்றவர் பெசன்ட். அதே பெசன்ட் பிறகு சென்னை அடையாற்றுக்கு வந்தார், பிரம்மஞான சபையின் தலைவரானார். 1909இல் ஓர் ஆங்கில மாத இதழில் ஒடுக்கப்பட்ட மக்களின் உயர்வைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒடுக்கப்பட்ட சாதிக் குழந்தைகளை மற்றக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் உட்கார வைக்கக்கூடாது, அவர்களுடைய உடலும் பழக்கமும் தூய்மையாக இன்னும் தலைமுறைகள் வேண்டும் என்பதுதான் அதன் சாரம். காந்தியும் காங்கிரசும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்று விசாரித்து அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட நூலில் இந்தக் கட்டுரையை நீளமாக எடுத்துக்காட்டுகிறார்.

லண்டனில் ஒரே புல்வெளியில் தொழிலாளர்களோடு நின்றவருக்குச் சென்னையில் ஒரே வகுப்பறை பொறுக்கவில்லை. இதை அவருடைய தனிப்பட்ட முரண்பாடு என்று சொல்லிவிட்டுக் கடந்துபோக முடியாது. 'பொது' என்பதை ஆதரிக்கிறேன் என்று சொல்கிறவர் எந்த எல்லைவரை ஆதரிக்கிறார் என்று எப்போதும் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த எல்லைக்கு மிகப் பெரும்பாலும் தூய்மை என்றுதான் பெயர் வைக்கிறார்கள். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இசைத் திருவிழாவிலும் இது திரும்ப வரும்.

இனி 1970களுக்கு வருவோம். பிரிட்டனில் தேசிய முன்னணி என்ற இனவெறிக் கட்சி வளர்ந்துகொண்டிருந்தது. ஆசியர்களையும் கறுப்பர்களையும் நாட்டைவிட்டு அனுப்ப வேண்டும் என்பது அதன் கொள்கை. 1977இல் நடந்த லண்டன் பெருநகர கவுன்சில் தேர்தலில் அதற்கு ஏறத்தாழ 1,19,000 வாக்குகள் விழுந்தன. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில், எரிக் கிளாப்டன் என்ற பெரும் கிதார் கலைஞர் பர்மிங்காம் மேடையில் நின்று, குடியேறியவர்களுக்கு எதிராகப் பேசிய ஈனக் பவல் என்ற அரசியல்வாதியை ஆதரித்துப் பேசினார். கறுப்பர்களின் புளூஸ் இசையை வாசித்துப் பேர் வாங்கியவர், ஜமைக்காவின் பாப் மார்லி பாடலைப் பாடிப் பணம் பார்த்தவர், கறுப்பர்கள் போகட்டும் என்றார். நம் ஊரில் பறையிசையும் கானாவும் வேண்டும், பறையடிப்பவரும் கானா பாடுபவரும் வேண்டாம் என்று சொல்பவர்களைப் பார்த்த நமக்கு இது புதிதில்லை.

கிளாப்டனைக் கண்டித்துச் சில இளைஞர்கள் இசை வார இதழ்களுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'இனவெறிக்கு எதிரான ராக்' என்ற இயக்கம். அதன் நடைமுறை எளிமையானது. எந்த நிகழ்ச்சி நடந்தாலும் கறுப்பினத்தவரின் ரெகே குழுவும் வெள்ளையரின் பங்க் குழுவும் ஒரே மேடையில் ஏற வேண்டும். ரெகே கேட்க வந்தவர் பங்க் கேட்பார், பங்க் கேட்க வந்தவர் ரெகே கேட்பார். இரண்டு கூட்டமும் ஒரே தரையில் நிற்கும். அவர்கள் மேடையேற்றிய பட்டியலே ஓர் அரசியல் அறிக்கையாக இருந்தது.

1978 ஏப்ரல் 30 அன்று, நாஜி எதிர்ப்புக் கூட்டமைப்போடு சேர்ந்து, இவர்கள் டிராஃபல்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டன் வழியாக விக்டோரியா பூங்காவரை ஊர்வலம் போனார்கள். இனவெறியர்கள் தங்கள் கோட்டை என்று சொல்லிக்கொண்ட தெருக்கள் வழியாகத்தான் போனார்கள். பூங்காவில் தி கிளாஷ், ஸ்டீல் பல்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், டாம் ராபின்சன் பேண்ட் ஆகிய குழுக்கள் வாசித்தன. ஸ்டீல் பல்ஸ், பர்மிங்காமில் கரீபியக் குடும்பங்களின் பிள்ளைகள் தொடங்கிய ரெகே குழு. எக்ஸ்-ரே ஸ்பெக்ஸின் பாடகி பாலி ஸ்டைரீன், சோமாலித் தந்தைக்கும் வெள்ளையினத் தாய்க்கும் பிறந்தவர். டாம் ராபின்சன் தன்னை ஒருபால் ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துப் பாடியவர். 80,000 பேரிலிருந்து ஒரு லட்சம் பேர்வரை வந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். அனுமதிக் கட்டணம் கிடையாது.

கட்டணம் கிடையாது என்பதை ஏதோ கூடுதல் தகவல் போல எடுத்துக்கொள்ளாதீர்கள். டிக்கெட் இருந்திருந்தால் அன்றைக்கு வந்திருக்கக்கூடியவர்கள் கிளாஷ் குழுவின் ரசிகர்கள் மட்டும்தான். இலவசமாக இருந்ததால், எந்தப் பக்கம் சாய்வது என்று இன்னும் முடிவு செய்யாத வேலையில்லா வெள்ளை இளைஞனும் வந்தான். தேசிய முன்னணி வலை வீசிக்கொண்டிருந்தது அவனுக்குத்தான். ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவரிடமே திரும்பத் திரும்பப் பேசுவதற்கு அரங்கம் போதும். எதிர்ப்பக்கம் போகக்கூடியவரிடம் பேசத்தான் பூங்கா வேண்டும்.

இதை ஒரு வெற்றிக்கதையாக மட்டும் சொல்லி முடித்தால் அது உண்மையாக இருக்காது. அந்த நிகழ்ச்சி நடந்து நான்கே நாளில், மே 4 அன்று, வொயிட்சேப்பலில் அல்தாப் அலி என்ற வங்காளித் தையல் தொழிலாளி வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் குத்திக் கொல்லப்பட்டார். விக்டோரியா பூங்காவிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரம் அது. ஒரு லட்சம் பேர் பாடிய பாட்டால் அந்தக் கத்தியைத் தடுக்க முடியவில்லை. பத்து நாள் கழித்து ஏறத்தாழ 7,000 பேர் அவருடைய சவப்பெட்டியோடு பிரதமர் இல்லம்வரை நடந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வங்காளிகள். 

அதே ஆண்டு செப்டம்பர் 24 அன்று இன்னொரு பெரிய நிகழ்ச்சி தெற்கு லண்டனின் பிராக்வெல் பூங்காவில் நடந்தது. அதே நாளில் தேசிய முன்னணி, வங்காளிகள் வாழும் பிரிக் லேன் பக்கம் ஊர்வலம் போனது. நகரத்தின் தெற்கில் இனவெறியை எதிர்த்துப் பெரும் கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது. கிழக்கில் இனவெறியர்களை மறிக்க நின்றவர்கள் கொஞ்சம் பேர். பாடிக்கொண்டிருந்தவர்கள் ஏன் வரவில்லை என்று பிரிக் லேன் இளைஞர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது, இன்றைக்கும் நம்மிடம் கேட்கப்பட வேண்டியது. நல்ல மேடை போட்டுவிட்டோம் என்ற நிம்மதியில், தாக்கப்படுபவர் எந்தத் தெருவில் நிற்கிறார் என்பதை மறந்துவிடக்கூடாது.

அல்தாப் அலி கொல்லப்பட்ட இடத்துக்கு அருகில் இருந்த புனித மேரி பூங்காவுக்கு 1998இல் அல்தாப் அலி பூங்கா என்று பெயர் வைத்தார்கள். சின்னப் பூங்காதான். ஆனால் அந்தப் பகுதி வங்காளிகளுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இன்றும் அங்கேதான் கூடுகிறார்கள்.

இப்போது இரண்டாவது பூங்கா. 1992 ஆகஸ்ட் 8, 9 தேதிகளில் வடக்கு லண்டனின் ஃபின்ஸ்பரி பூங்காவில் மேட்னெஸ் என்ற குழு தன் பெயரிலேயே 'மேட்ஸ்டாக்' என்ற விழாவை நடத்தியது. கூட்டம் குதித்த குதியில் பக்கத்து அடுக்குமாடிக் கட்டடங்கள் அதிர்ந்தன என்று செய்தி வந்தது. மேட்னெஸ் வாசித்தது ஸ்கா இசை. அது ஜமைக்காவின் கறுப்பின மக்கள் உருவாக்கிய இசை. மேட்னெஸ் என்ற பெயரே ஜமைக்காவின் பிரின்ஸ் பஸ்டர் பாடிய ஒரு பாட்டின் பெயர். ஆனால் அன்றைய கூட்டத்தில் தீவிர வலதுசாரி ஸ்கின்ஹெட் இளைஞர்களும் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் மோரிசி என்ற பாடகர் பிரிட்டிஷ் கொடியைப் பிடித்துக்கொண்டு மேடையில் ஆடினார். அந்தக் கொடி அப்போது தேசிய முன்னணிக்காரர்களின் அடையாளமாகவும் இருந்தது. மோரிசி ஏன் அப்படிச் செய்தார் என்ற சண்டை இசை இதழ்களில் நெடுங்காலம் ஓடியது.

எனக்கு அந்தச் சண்டையைவிட வேறொன்று முக்கியமாகப் படுகிறது. இதுவும் பூங்காதான், இதுவும் கறுப்பினத்தவரின் இசைதான், ஆனால் அந்தக் கொடிக்குக் கீழே ஒரு வங்காளி இளைஞன் பயமில்லாமல் நின்றிருக்க முடியுமா? பூங்கா என்பதாலோ ராக் என்பதாலோ ஓர் இடம் முற்போக்கானதாகிவிடாது. விக்டோரியா பூங்காவிலேயே 1936இல் மோஸ்லியின் பாசிஸ்டுகளும் கூட்டம் போட்டார்கள். புல்வெளிக்குக் கொள்கை கிடையாது. யார் அதை எடுத்து என்ன செய்கிறார்கள் என்பதுதான் அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது.

மூன்றாவது, பிராக்வெல் பூங்கா. இந்த முறை இன்றைய கதை. முதலில் பணம் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடுவோம். பிரிட்டனில் முதியோர் பராமரிப்பும் குழந்தைகள் பாதுகாப்பும் உள்ளாட்சி கவுன்சில்களின் சட்டக் கடமை. பூங்காவைப் பராமரிப்பது சட்டக் கடமை இல்லை. 2010க்குப் பிறகு மைய அரசு கவுன்சில்களுக்குக் கொடுக்கும் நிதியைக் கடுமையாக வெட்டியது. எதைக் குறைத்தால் வழக்கு வராதோ அதைத்தானே முதலில் குறைப்பார்கள்? பூங்கா நிதி சுருங்கியது. பூங்காவே சம்பாதித்துக்கொள்ளட்டும் என்றார்கள். சம்பாதிக்க வழி, கோடைக் காலத்தில் அதைத் திருவிழா நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடுவது.

வாடகைக்கு எடுத்த நிறுவனம் முதலில் செய்வது வேலி போடுவது. ஆள் உயரத்துக்கு மேலான தகடு வேலி. மேடை கட்டச் சில நாள், நிகழ்ச்சி சில நாள், பிரிக்கச் சில நாள். மே மாதக் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும், ஆண்டு முழுக்க இருட்டையும் மழையையும் பார்த்த ஊரில் வெயில் அடிக்கும் வாரங்களில், பூங்காவின் ஒரு பெரும்பகுதி தகடுக்குப் பின்னால் போய்விடுகிறது. வீட்டுக்குப் பின்னால் தோட்டம் வைத்திருப்பவருக்கு அதில் பெரிய நட்டமில்லை. கவுன்சில் அடுக்குமாடியில் எட்டாவது மாடியில் இரண்டு குழந்தைகளோடு இருப்பவருக்குப் பூங்காதான் தோட்டம்.

பிராக்வெல் பகுதி மக்கள் சிலர் நீதிமன்றம் போனார்கள். அனுமதி இல்லாமல் ஒரு நிலத்தைத் தற்காலிகமாக வேறு பயன்பாட்டுக்கு விடுவதற்கு அங்கே ஆண்டுக்கு 28 நாள்தான் எல்லை. கட்டுவதையும் பிரிப்பதையும் சேர்த்தால் 37 நாள் ஆகிறது என்பது வழக்கு. 2025 மே 16 அன்று உயர் நீதிமன்றம் லாம்பெத் கவுன்சிலின் முடிவு சட்டப்படி செல்லாது என்றது. ஆனாலும் ஒரு வாரம் கழித்து மே 23 அன்று 'வைட் அவேக்' திருவிழா அதே பூங்காவில் நடந்தது. அன்று முதன்மைக் குழுவாக மேடையேறியது பாலஸ்தீனத்துக்காகக் குரல் கொடுக்கும் பெல்ஃபாஸ்ட் குழுவான நீகேப். 47 ஆண்டுகளுக்கு முன் இனவெறிக்கு எதிராக இலவசமாகப் பாடிய அதே புல்வெளியில், காலனியத்துக்கு எதிரான பாட்டு டிக்கெட் வாங்கியவர்களுக்கு மட்டும் கேட்டது. மேடையில் என்ன பேசுகிறார்கள் என்று மட்டும் பார்த்து நாம் கைதட்டிவிடுகிறோம். வாசலில் என்ன நடக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

அப்படியானால் திருவிழாவே வேண்டாம் என்று வழக்குப் போட்டவர்கள் பக்கம் நின்றுவிடலாமா? அவ்வளவு எளிதில்லை. பிராக்வெல் பூங்கா பிரிக்ஸ்டனை ஒட்டி இருக்கிறது. கரீபியத் தீவுகளிலிருந்து வந்த மக்கள் குடியேறிய பகுதி அது. 1981இல் காவல்துறையின் அடக்குமுறைக்கு எதிராகக் கறுப்பின இளைஞர்கள் கிளர்ந்தெழுந்ததும் அங்கேதான். இன்று அதே பகுதியில் வீட்டு விலை ஏறி, பழைய குடும்பங்கள் பல வெளியேற நேர்ந்திருக்கிறது. அந்த வேலிக்குள் நடக்கும் விழாக்களில் ஒன்று கரீபிய இசைக்கானது, ஒன்று சோல், ஜாஸ் இசைக்கானது, ஒன்று பால்புதுமையினர் பெருமளவில் கூடும் பாப் இசை விழா. வழக்குத் தொடுத்தவர்கள் மரத்தையும் மண்ணையும் பற்றிப் பேசினார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, கனரக லாரிகள் ஏறிய மண் எளிதில் மீளாது. ஆனால் 'எங்கள் பகுதியின் அமைதி' என்று ஒருவர் சொல்லும்போது அந்த 'எங்கள்' யாரைக் குறிக்கிறது என்று அங்கே கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இதற்கு ஃபின்ஸ்பரி பூங்காவே சான்று. அங்கே பல ஆண்டுகளாக நடந்த 'வயர்லெஸ்' விழா ராப் இசைக்குப் பேர்போனது. பூங்கா நண்பர்கள் குழு அதற்கு எதிராக நீதிமன்றம் போய், 2017இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. பிறகு விழாவின் உரிமத்தை மறுபரிசீலனை செய்யக் கோரினார்கள். 2018இல் உரிமம் நீட்டிக்கப்பட்டபோது விதித்த நிபந்தனைகளில் ஒன்று, ஆபாசமான பாடல்களைப் பாட வேண்டாம் என்று கலைஞர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது. உடையைப் பற்றியும் நிபந்தனை வந்தது. ஒலி அளவுக்கு எல்லை வைப்பது புரிகிறது. குப்பையை அள்ளு என்பது புரிகிறது. கறுப்பின இளைஞர்கள் பெருமளவில் வரும் விழாவில் சொல்லையும் உடையையும் திருத்தச் சொல்வது வேறு வகை. நினைவில் வைக்கச் சொன்னேனே, அந்தத் தூய்மை திரும்ப வந்துவிட்டது.

ஆக, ஒரு பூங்காவை இரண்டு கைகள் பிடுங்குகின்றன. ஒரு கை டிக்கெட் வைத்துப் பிடுங்குகிறது. இன்னொரு கை அமைதி, நாகரிகம், சுத்தம் என்று சொல்லிப் பிடுங்குகிறது. இரண்டும் ஒன்றை ஒன்று எதிர்ப்பதுபோலத் தெரியும். நடுவில் காணாமல் போகிறவர் ஒரே ஆள்தான்: காசும் இல்லாத, 'நம்மவர்' என்று கருதப்படவும் இல்லாத ஆள்.

அம்பேத்கரைப் படித்தவர்களுக்கு இந்தக் கதை பழக்கமானது. 1923இல் பம்பாய் சட்டமன்றம் பொது நிதியில் நடக்கும் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதவர்களும் பயன்படுத்தலாம் என்று தீர்மானம் போட்டது. 1924இல் மகாட் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. தாளில் குளம் பொதுவாகிவிட்டது. ஆனால் மாடு குடித்தது, மற்ற மதத்தவர் குடித்தார்கள், நம் மக்களால் மட்டும் குடிக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அதன் பிறகு என்ன நடந்தது? முதலில் அடித்தார்கள். பிறகு பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்தைத் தூய்மைப்படுத்தினார்கள். பிறகு நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. கடைசியாக, இது பொதுக் குளமே இல்லை, தனியார் சொத்து என்று நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நமக்குச் சாதகமாக முடிய 1937 ஆனது.

அந்த வரிசையைக் கவனியுங்கள். அடி, தூய்மை, நிர்வாகம், தனியார் சொத்து. லண்டன் பூங்காவில் நடப்பது சாதி என்று நான் சொல்லவில்லை. இனவெறியும் வர்க்கமும் அங்கே வேறு வரலாற்றில் வளர்ந்தவை. ஆனால் பொதுவாக இருப்பதைப் பொதுவாக இல்லாமல் செய்யும் வழிகள் ஊருக்கு ஊர் ஒன்றுபோல இருக்கின்றன. சட்டம் ஓர் இடத்தைத் திறக்கலாம். திறந்த இடத்தில் போய் நிற்பதற்கு ஆட்கள் வேண்டும், அவர்கள் நிற்பதை மற்றவர்கள் ஏற்க வேண்டும், அந்த இடம் நாளையும் திறந்திருக்க யாராவது காவல் இருக்க வேண்டும். 1978இல் விக்டோரியா பூங்காவில் நடந்தது ஒரே ஒரு நாளைக்காவது இந்த மூன்றையும் செய்து காட்டியது. அதனால்தான் அதை மதிக்கிறேன்.

இங்கே நம் இளைஞர்கள் இசைக்குழு தொடங்குகிறார்கள். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியபோது, கானாவும் பறையும் ராப்பும் ராக் கிதாரும் ஒரே மேடையில் நின்றன. இவையெல்லாம் ஒன்றாக நிற்கலாம் என்பதை அன்று காதால் கேட்டோம். இன்னும் பல குழுக்கள் வருகின்றன, வரட்டும். நம் நிகழ்ச்சிகளுக்கு இடம் தேடும்போது சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளும்படி உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.

முதல் கேள்வி, காசில்லாதவர் எங்கே நிற்பார்? டிக்கெட்டே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கலைஞருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், ஒலியமைப்பவருக்குக் கொடுக்க வேண்டும். நம் கலைஞர்களிடம்தான் எப்போதும் 'இயக்கத்துக்காக இலவசமாகச் செய்' என்று கேட்கிறார்கள், அதுவும் சுரண்டல்தான். ஆனால் அந்தச் செலவை வாசலில்தான் வசூலிக்க வேண்டும் என்று விதி இல்லை. நன்கொடை, சங்க நிதி, அரசு நிதி என்று வேறு வழிகளை முதலில் முயலலாம். எதுவுமே முடியாதபோது டிக்கெட் போடலாம். அப்போதும் பூங்காவின் ஒரு பகுதியாவது வேலியில்லாமல் இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, அந்த இடத்தை அன்றாடம் பயன்படுத்துபவர் யார்? மைதானத்தில் மாலையில் பந்து விளையாடும் குடிசைப்பகுதிப் பையன்கள், பூங்காவில் மதியம் படுத்துத் தூங்கும் கட்டடத் தொழிலாளி, வீட்டில் பேச முடியாத பேச்சைப் பேச வரும் காதலர்கள். சாதி மாறிக் காதலிக்கும் இரண்டு பேருக்கு நகரத்தில் பூங்காவை விட்டால் வேறு இடம் ஏது? நம் மேடை அவர்களை எத்தனை நாள் வெளியேற்றுகிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களிடம் கேட்டோமா என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி, மறுநாள் காலை அந்த இடத்தைக் கூட்டுவது யார்? லண்டனிலும் இதற்குப் பதில் குடியேறியவர்கள் பக்கம்தான் பெரிதும் போகும். நம் நகரங்களில் பதில் எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் தலித் மக்கள், அதிலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். 2025 ஆகஸ்டில் சென்னையில் இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாருக்குக் கொடுக்கப்பட்டதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் கட்டடத்துக்கு வெளியே 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நீதிமன்ற உத்தரவைக் காட்டி நள்ளிரவில் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். நகரத்தின் ஒவ்வொரு நடைபாதையையும் கூட்டியவர்களுக்கு ஒரே ஒரு நடைபாதையில் உட்கார அனுமதி கிடைக்கவில்லை. பொதுவெளி யாருக்குச் சொந்தம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டாம். சாதி ஒழிப்புப் பாடல் பாடிவிட்டு, சிதறிய பிளாஸ்டிக் குவளைகளை அவர்களுக்கு விட்டுச்செல்லும் நிகழ்ச்சியை நாம் நடத்தக்கூடாது. குப்பையை நாம் அள்ளலாம். அதற்கு ஆள் வைத்தால் முறையான கூலி கொடுக்கலாம். அவர்களை முதல் வரிசைக்கு அழைக்கவும் செய்யலாம்.

நான்காவது கேள்வி, நம் மேடை முடிந்த பிறகு தாக்கப்படுபவர் பக்கத்தில் நிற்கப் போகிறோமா? 1978 செப்டம்பரில் பிரிக் லேன் இளைஞர்கள் கேட்ட கேள்வி இது. ஏதோ ஒரு ஊரில் கோயில் வாசலில் நம் மக்கள் மறிக்கப்படும் அதே நாளில் நகரத்தில் நம் நிகழ்ச்சி இருந்தால், மேடையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வது போதாது. பேருந்து பிடித்துப் போக நம்மில் எத்தனை பேர் தயார்?

பூங்காவில் ராக் திருவிழா நடத்தலாமா என்று தொடங்கினேன். நடத்தலாம், நடத்த வேண்டும். சத்தம் போடுவது ஒடுக்கப்பட்டவரின் உரிமை, பூங்கா அந்தச் சத்தத்துக்கும் சேர்த்துத்தான். ஆனால் எந்த மேடையைப் பார்த்தாலும், நாமே கட்டிய மேடையாக இருந்தாலும், அதைச் சுற்றி வேலி இருக்கிறதா என்று ஒருமுறை சுற்றி நடந்து பாருங்கள். வேலிக்கு வெளியே யாராவது நின்று கேட்டுக்கொண்டிருந்தால், அவரிடம் போய்ப் பேசுங்கள். அடுத்த நிகழ்ச்சியை எங்கே, எப்படி நடத்துவது என்று அவரைக் கேட்டு முடிவு செய்வோம்.